இளநீர் மேல் பழி வேண்டாம்: தாயின் எடைக்கும் பிள்ளையின் வீசிங்குக்கும் என்ன சம்பந்தம்?

மழைக்காலத்தில் எந்தக் குழந்தைகள் டாக்டரிடம் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மூலையில் நெபுலைசர் மெஷின் உர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும். அம்மாவின் மடியில் ஒரு வாண்டு. முகத்தில் மாஸ்க், கண்ணில் நீர், மாஸ்க்கைப் பிடுங்கப் பார்க்கும் கை. பக்கத்தில் நிற்கும் பாட்டி மருமகளிடம், "மாசமா இருக்கறப்ப எத்தனை தடவ சொன்னேன், இளநி குடிக்காத, குளிர்ச்சியைத் தொடாதன்னு. இப்பப் பாரு" என்பார். மருமகள் பதில் பேசமாட்டாள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

இப்போது இளநீர் இருந்த இடத்துக்கு இன்னொன்று வந்திருக்கிறது. "அம்மா குண்டா இருந்தா பிள்ளைக்கு ஆஸ்துமா வருமாமே, வாட்ஸ்அப்புல வந்துச்சு." இளநீர்க் கதைக்கு ஆதாரம் கிடையாது. எடைக் கதைக்கு ஆதாரம் உண்டு. ஆனால் அந்த ஆதாரம் சொல்வது வேறு, வாட்ஸ்அப் சொல்வது வேறு. ஒல்லியாக இருக்கும் அம்மாக்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை எந்த ஃபார்வர்டும் சொல்வதில்லை. எனவே அடியிலிருந்து ஆரம்பிப்போம்.

முதலில், வீசிங் என்றால் என்ன?

இளநீரிலேயே தொடங்கலாம். கடைக்காரர் தரும் ஸ்ட்ராவில் உறிஞ்சினால் சிரமமில்லாமல் வரும். அட்டைப் பெட்டி ஜூஸின் முதுகில் ஒட்டியிருக்கும் ஒல்லி ஸ்ட்ராவைப் போட்டு அதே இளநீரை உறிஞ்சிப் பாருங்கள், கன்னம் குழிந்துவிடும். குழாயின் விட்டம் பாதியானால் கஷ்டம் இரண்டு மடங்காகும் என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் பதினாறு மடங்காகும். சீராக ஓடும் திரவத்துக்கும் காற்றுக்கும் இயற்பியல் விதி அப்படி.

தொண்டையிலிருந்து நுரையீரலுக்குள் காற்றைக் கொண்டுபோகும் கிளைகளுக்கு மூச்சுக்குழாய்கள் என்று பெயர். பெரியவர்களின் மூச்சுக்குழாய் கொஞ்சம் வீங்கினால் இருமலோடு போகும். கைக்குழந்தையின் குழாயோ ஏற்கெனவே ஒல்லி ஸ்ட்ரா. சாதாரண ஜலதோஷத்தில் உள்சுவர் லேசாக வீங்கி, சளியும் சேர்ந்தால், காற்று வெளியேறும்போது விசில் மாதிரி சத்தம் வரும். அதுதான் வீசிங். கிராமத்தில் 'இழுப்பு' என்பார்கள்.

ஆஸ்துமா என்பது இதிலிருந்து கொஞ்சம் வேறு. குழாயின் உள்சுவர் நாள்பட்டுச் சிவந்து வீங்கியே இருக்கும். தூசி, குளிர்காற்று, சளிக் காய்ச்சல் என்று எது பட்டாலும் சட்டென்று சுருங்கும். வீசிங் வரும் எல்லாக் குழந்தைக்கும் ஆஸ்துமா இருக்கிறது என்று அர்த்தமில்லை.

இதை அழகாகக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் டூசான் நகரத்தில் 1980களின் தொடக்கத்தில் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்தே பின்தொடர்ந்தார்கள். ஆறு வயதுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு தடவையாவது வீசிங் வந்திருந்தது. மூன்று வயதுக்குள் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆறு வயதில் அது நின்றுவிட்டது. இதில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த விஷயம் வேறு. அப்படிச் சின்ன வயதில் மட்டும் இழுத்த குழந்தைகளுக்கு, முதல் சளி பிடிப்பதற்கு முன்பே, சில மாதக் குழந்தையாக இருக்கும்போது அளந்த மூச்சுத் திறனே மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. குழாய் பிறக்கும்போதே கொஞ்சம் குறுகல். சளி வந்து அதை வெளிக்காட்டியது, அவ்வளவுதான்.

இதுவரை வந்தது இதுதான்: வீசிங் ஒரு குறுகிய குழாயின் சத்தம். அந்தக் குறுகல் சில குழந்தைகளுக்குக் கருப்பையிலேயே முடிவாகிவிடுகிறது. அப்படியானால் அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

நுரையீரல் எப்போது கட்டப்படுகிறது?

வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். குழாய் பதிக்கும் வேலை முதலில், அறைகளின் பூச்சு வேலை பிறகு. நுரையீரலிலும் அதே வரிசைதான். கருவின் நான்காம் வாரத்தில் தொண்டைப் பகுதியில் ஒரு சின்ன மொட்டு கிளம்புகிறது. அது இரண்டாகப் பிரியும், ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரியும். இப்படியே போய், ஏறக்குறைய 17 வாரத்தில் மூச்சுக்குழாய்களின் கிளைபிரிதல் முடிந்துவிடுகிறது. நாலு மாதம்! வயிறு வெளியே தெரியத் தொடங்கும் நேரம். ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்துப் புளிசாதமும் எலுமிச்சை சாதமும் பரிமாறும்போது குழாய் வேலை முடிந்து பல வாரம் ஆகியிருக்கும். அதன் பிறகு குழாய்கள் வளரும், பெரிதாகும். புதுக் கிளை வராது.

அறைகள் என்று சொன்னது குழாய்களின் நுனியில் இருக்கும் குட்டிக் குட்டிக் காற்றுப்பைகளை. ரத்தத்துக்குள் ஆக்சிஜன் போவது இங்கேதான். பிறக்கும்போது சுமார் 5 கோடி இருக்கும். பெரியவர்களுக்கு 30 கோடிக்கு மேல். ஆக, இந்த வேலை பிறந்த பிறகும் சில வருடங்கள் தொடர்கிறது.

இன்னொரு சொல்லையும் தெரிந்துகொள்ள வேண்டும்: சர்ஃபாக்டன்ட். மளிகைக் கடையில் தரும் மெல்லிய பிளாஸ்டிக் பையின் உள்ளே தண்ணீர் பட்டுவிட்டால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு திறக்கவே வராது. கொஞ்சம் சோப்பு நீர் பட்டால் அந்தப் பிடிப்பு தளரும். காற்றுப்பைகளின் உட்புறமும் ஈரம்தான். அவை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நுரையீரலே சுரக்கும் சோப்பு போன்ற பொருள்தான் சர்ஃபாக்டன்ட். ஆறாம் மாத வாக்கில் சுரக்கத் தொடங்கி, ஏறக்குறைய 35 வாரத்தில்தான் போதிய அளவுக்கு வரும். குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறுவது இது போதாமல்தான் என்று 1959இல் மேரி எலன் ஏவரி, ஜெர் மீட் என்ற இரு அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்தக் கண்டுபிடிப்பு மருந்தாக மாறப் பல வருடங்கள் ஆயின. 1963இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் குறைமாதத்தில் பிறந்து, இதே கோளாறால் இரண்டு நாள்கூடத் தாங்காமல் இறந்துபோனான். ஜனாதிபதி வீட்டுப் பிள்ளைக்கும் அன்று கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

தாயின் எடை இதில் எங்கே நுழைகிறது?

உடம்பில் இருக்கும் கொழுப்பை நாம் பரணில் போட்ட மூட்டை மாதிரி நினைக்கிறோம். சும்மா கிடக்கிறது, பாரம் மட்டும்தான் என்று. அப்படியில்லை. 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு, கொழுப்புத் திசுவே லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது என்று கண்டுபிடித்தது. அதன் பிறகு கொழுப்பைப் பற்றிய பார்வையே மாறிவிட்டது. அது மூட்டை அல்ல, வேலை செய்யும் பட்டறை.

எடை மிகவும் கூடும்போது அந்தப் பட்டறை அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களையும் ரத்தத்தில் விடுகிறது. அழற்சி என்றால் உடம்பு எதையோ எதிர்த்துச் சண்டை போடும் நிலை. காலில் முள் குத்தினால் சிவந்து வீங்குகிறதே, அது சூடான அழற்சி. இது அடுப்பை சிம்மில் வைத்த மாதிரி. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, ஆனால் அணைவதும் இல்லை. குழந்தையின் நுரையீரலும் நோய் எதிர்ப்பு அமைப்பும் உருவாகும் காலம் முழுக்க, தாயின் உடம்பில் அந்த அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. பிள்ளையின் மூச்சுக்குழாய் எளிதில் சீண்டப்படுவதாக அமைய இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. விலங்குச் சோதனைகள் இதை ஆதரிக்கின்றன. மனிதர்களில் ஒவ்வொரு படியும் இன்னும் நிரூபணமாகவில்லை.

அடுத்த வழி சர்க்கரை. இது இன்னும் தெளிவானது. எடை கூடுதலாக இருப்பவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். தாயின் ரத்தத்தில் உள்ள சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. எனவே குழந்தை தானே கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளிக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின், சர்ஃபாக்டன்ட் தயாராவதைத் தாமதப்படுத்துகிறது. அதனால்தான் சர்க்கரை கட்டுப்படாத தாய்க்குப் பிறக்கும் குழந்தை, பார்க்கக் கொழுகொழுவென்று நாலு கிலோ இருந்தாலும், பிறந்தவுடன் மூச்சுக்குத் திணறுவதுண்டு. 'எடை நல்லா இருக்கு, ஆரோக்கியமான குழந்தை' என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அரசு ஆஸ்பத்திரியில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்காரவைத்து ரத்தம் எடுப்பார்களே, அது இதற்காகத்தான். வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை, ஒரே ஊசிக் குத்து. அளவு 140ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். இந்த எளிய முறையைப் பரப்பியதில் சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவுக்குப் பெரிய பங்கு. அந்தக் குளுக்கோஸ் தண்ணீர் குமட்டும்தான். இருந்தாலும் தட்டிக் கழிக்கக் கூடாத சோதனை.

மூன்றாவது வழி, குழந்தை எப்போது, எப்படிப் பிறக்கிறது என்பது. எடை கூடினால் ரத்த அழுத்தம் ஏறி, தாயைக் காப்பாற்ற முன்கூட்டியே பிரசவம் பார்க்க நேரலாம். நுரையீரல் தயாராகும் முன்பே குழந்தை வெளியே வந்துவிடுகிறது. சிசேரியனுக்கான வாய்ப்பும் கூடுகிறது. இங்கே ஒரு சின்னத் திருத்தம். சுகப்பிரசவத்தில் குழந்தையின் மார்பு அழுந்தி நுரையீரல் தண்ணீர் பிதுங்கி வந்துவிடும் என்று சொல்வார்கள். அழுத்தத்தின் பங்கு குறைவு. பெரும்பகுதி வேலையைச் செய்வது பிரசவ வலியின்போது குழந்தையின் உடம்பில் பொங்கும் ஹார்மோன்கள். 'தண்ணீர் சுரந்தது போதும், இனி உறிஞ்சிக்கொள்' என்று நுரையீரலுக்கு உத்தரவு போடுவது அவைதான். வலி எடுக்கும் முன்பே, நல்ல நாள் பார்த்து, 37 வாரத்தில் சிசேரியன் வைத்தால் அந்த உத்தரவு போவதற்குள் குழந்தை வெளியே வந்துவிடும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும் மூச்சிரைப்புதான். ஆனாலும், மருத்துவக் காரணம் இல்லாவிட்டால் 39 வாரம் வரை காத்திருக்கச் சொல்வது இதற்காக. ஜோசியருக்கும் இதைச் சொல்லி வைப்பது நல்லது.

சுருக்கமாக, எடை நேராகப் போய்க் குழந்தையின் நுரையீரலில் உட்காருவதில்லை. அழற்சி, சர்க்கரை, பிரசவ நேரம் என்று இடையில் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் இருவரைக் கண்டுபிடித்துக் கட்டுப்படுத்த இன்றைக்கே வழி இருக்கிறது.

ஒல்லியாக இருந்தால் தப்பித்தோமா?

இல்லை. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்ற மாவட்டம். 1911 முதல் அங்கே செவிலியர்கள் ஒவ்வொரு குழந்தையின் பிறந்த எடையையும், ஒரு வயதில் எடையையும் பேரேட்டில் எழுதி வைத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் அந்தப் பேரேடுகளைத் தேடி எடுத்து, அந்தக் குழந்தைகள் கிழவர்களானபின் என்ன ஆனார்கள் என்று பார்த்தார். 1991இல் வெளியான முடிவு: 59 முதல் 70 வயதுக்காரர்களில், பிறந்த எடை ஒவ்வொரு பவுண்டு (சுமார் 450 கிராம்) கூடுதலாக இருந்ததற்கும், அவர்கள் ஒரு நொடியில் ஊதி வெளியேற்றும் காற்று சராசரியாக 60 மில்லி கூடுதலாக இருந்தது. புகைபிடிக்கும் பழக்கத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் இதே முடிவு. பிறந்த அன்று தராசு காட்டிய எண்ணின் நிழல் அறுபது வருடம் கழித்தும் மூச்சில் தெரிந்தது.

இன்னொன்று நெதர்லாந்தில். 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மன் ராணுவம் உணவு வரத்தை முடக்கியதில் பெரும் பஞ்சம். அப்போது கருவில் இருந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்தபோது, கர்ப்பத்தின் முதல், நடுப் பகுதிகளில் பஞ்சத்தைச் சந்தித்தவர்களிடம் மூச்சுக்குழாய் அடைப்பு நோய்கள் அதிகம் காணப்பட்டன. கடைசி மாதங்களில் மட்டும் பஞ்சம் கண்டவர்களிடம் அப்படி இல்லை. குழாய் பதிக்கும் காலம் எது என்று மேலே பார்த்தோம் அல்லவா, பொருத்திப் பாருங்கள்.

கொத்தனாருக்குச் சிமெண்ட் போதாவிட்டாலும் பிரச்சினை. கலவையில் எல்லாம் கூடிப்போனாலும் பிரச்சினை.

வாய்ப்பு எவ்வளவு கூடுகிறது?

பிஎம்ஐ என்பது எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தால் இருமுறை வகுத்தால் கிடைக்கும். 155 செ.மீ. உயரமும் 60 கிலோவும் உள்ள பெண்ணுக்கு 25. உலக அளவில் 25 என்பது கூடுதல் எடையின் தொடக்கம். இந்தியர்களுக்கு 23இலேயே அது தொடங்குவதாக இங்குள்ள மருத்துவர்கள் கொள்கிறார்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு 25 அல்லது அதற்கு மேல். அதாவது நாம் பேசிக்கொண்டிருப்பது யாரோ நாலு பேரைப் பற்றி அல்ல.

பதினான்கு ஆய்வுகளை, ஒரு லட்சத்து எட்டாயிரம் தாய்-சேய் ஜோடிகளை ஒன்றாகத் தொகுத்த அலசல் ஒன்று 2014இல் வெளியானது. கர்ப்பத்தின்போது கூடுதல் எடையோடு இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா அல்லது வீசிங் வரும் வாய்ப்பு 1.3 மடங்கு. கர்ப்பகாலத்தில் எடை மிக அதிகமாக ஏறியிருந்தால் 1.16 மடங்கு.

'முப்பது சதவீதம் அதிகம்!' என்று தலைப்புப் போட இது வசதி. சரி, அதை ஆட்களாக மாற்றுவோம். ஒரு பேச்சுக்கு, ஒரு ஊரில் நூறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு வீசிங் என்று வையுங்கள். தாய்மார்கள் எல்லோருமே கூடுதல் எடை என்றால் அது பன்னிரண்டு பதின்மூன்று ஆகலாம். மீதி எண்பத்தேழு பேர் நன்றாகத்தான் மூச்சு விடுவார்கள். ஊருக்கு இது பெரிய எண். ஆனால் மடியில் இருக்கும் ஒரு குழந்தையைக் காட்டி 'உன் எடையால்தான்' என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. பாட்டியாலும் முடியாது.

கூடவே நடப்பதெல்லாம் காரணமா?

மழை பெய்யும்போது தவளை கத்துகிறது. தவளை கத்தியதால் மழை வரவில்லை. எடை கூடிய தாயும் பிள்ளையும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள், ஒரே சமையலைச் சாப்பிடுகிறார்கள், ஒரே தெருப் புகையைச் சுவாசிக்கிறார்கள், மரபணுக்களையும் பகிர்ந்துகொள்கிறார்கள். பிள்ளையே குண்டாக வளர்ந்து, அதனால் ஆஸ்துமா வந்திருக்கலாம். இவற்றையெல்லாம் கணக்கில் கழித்த பிறகும் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பல ஆய்வுகளில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. டென்மார்க்கில் கிட்டத்தட்ட 39,000 தாய்-சேய் ஜோடிகளை வைத்துப் பார்த்தபோது, தாயின் எடைக்கும் பிள்ளையின் ஆஸ்துமாவுக்கும் தொடர்பு தெரிந்தது. ஆனால் தோல் கரப்பான், தூசித் தும்மல் போன்ற அலர்ஜிகளோடு தெரியவில்லை. எடை வேலை செய்வது அலர்ஜியின் வழியாக அல்ல, வேறு பாதையில் என்று இது சுட்டுகிறது. இருந்தாலும் இவை எல்லாம் நடப்பதைத் தள்ளி நின்று கவனித்த ஆய்வுகள்தான், சோதனைகள் அல்ல. பாதிப் பெண்களைக் குண்டாக்கி, பாதிப் பேரை விட்டுவைத்துச் சோதனை செய்ய யாராலும் முடியாது.

அப்போ என்ன செய்வது?

கர்ப்பமாக இருக்கும்போது எடையைக் குறைக்க முயலக் கூடாது. பட்டினி, பேலியோ, ஜூஸ் டயட் எதுவும் வேண்டாம். நெதர்லாந்துக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். குறைக்க வேண்டுமானால் அதற்கு முன்பு, அல்லது இரண்டு பிள்ளைகளுக்கு இடையில். குழாய் பதிப்பு நாலாம் மாதத்தில் முடிவதால், மசக்கை தெளிந்து யோசிக்க ஆரம்பிக்கும்போதே பாதி வேலை நடந்திருக்கும்.

கர்ப்பத்தின்போது பார்க்க வேண்டியது எவ்வளவு ஏறுகிறது என்பதை. 2009இல் அமெரிக்க நிபுணர் குழு தந்த அளவுகள் பரவலாகப் பயன்படுகின்றன: சாதாரண எடை என்றால் 11.5 முதல் 16 கிலோ, கூடுதல் எடை என்றால் 7 முதல் 11.5, மிக அதிகம் என்றால் 5 முதல் 9, ஒல்லி என்றால் 12.5 முதல் 18. இவை பெரிய உடல்வாகு உள்ளவர்களை வைத்துப் போட்ட கணக்கு. உங்களுக்கு எவ்வளவு என்பதை அட்டையில் எடை குறிக்கும் செவிலியரிடமே கேட்டுவிடலாம்.

'ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு' என்பார்கள். மூன்றாம் மாத முடிவில் அந்த இரண்டாவது ஆள் சுமார் 15 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கர்ப்பிணிக்குக் கூடுதலாகச் சொல்வது நாளுக்கு 350 கலோரி. மூன்று இட்லி, கொஞ்சம் சாம்பார், ஒரு டம்ளர் பால், தீர்ந்தது. இளநீர் பிடித்திருந்தால் குடிக்கலாம். சர்க்கரை இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளை பிறந்து, நெபுலைசர் வரை வந்துவிட்ட அம்மாவுக்கு? கர்ப்பகால எடையை இனி மாற்ற முடியாது, அதை நினைத்து மருகியும் பயனில்லை. ஆனால் காற்றுப்பைகள் இன்னும் உருவாகிக்கொண்டுதான் இருக்கின்றன. தாய்ப்பால், தடுப்பூசிகள், டாக்டர் எழுதித் தந்த இன்ஹேலரை 'பழகிப்போயிடும்' என்று பயந்து பாதியில் நிறுத்தாமல் இருப்பது, இவையெல்லாம் இன்றைக்குக் கையில் இருப்பவை. அப்புறம், ராத்திரி ஜன்னலைச் சாத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கொளுத்தி வைக்கும் கொசுவத்திச் சுருள். அதை எடுத்து வெளியே வைத்துவிட்டு ஒரு வலையைக் கட்டுங்கள்.